வலிமிகா இடங்கள்

அளவுச் சக்கரம் மீட்டருக்கு ஒருமுறை டிக் என்னும்.
புக்கிட் ரெங்காஸ் சிம்பாங்கில் பூச்சியத்தில் வைத்துத்
தள்ளத் தொடங்கினேன்.
பதினொன்றில் அமலோற்பவம் வீட்டு வாசல்.
பதினேழில் செங்கமலம் வீட்டு வாசல்.
இருபத்தாறில் தியோவின் டயர்க்கடை.
முப்பத்தொன்றில் காடி கழுவுமிடம், நுரை தார்மேல் வந்துவிட்டது.
நாற்பதில் காக் ரோஹானியின் நாசி லெமாக் மேசை.
அதற்கு வாசல் கிடையாது,
சாலைதான் வாசல்.
எண்ணெய் நிலையம் வருவதற்குள் நானூற்றுப் பத்து மீட்டர்,
பத்தொன்பது வாய்கள்.

தோட்டமாக இருந்தபோது ஒரே வாய்.
சங்கிலி போட்ட வாய்.
பிறகு துண்டு துண்டாக விற்றார்கள்.
வாங்கியவர்கள் ஆளுக்கொரு சிலாப்பைக் கால்வாய்மேல் போட்டு
சாலையைத் தொட்டார்கள்.
குற்றம் சொல்ல முடியவில்லை.
வழியில்லாத மண்ணை எவன் வாங்குவான்?

ஐந்தரைக்கு மோட்டார்கள். ஏழுக்குப் பள்ளி வேன்.
மூன்று மணிக்குக் குலை ஏற்றிய லோரிகள்
இறக்கத்தில் முனகிக்கொண்டு.
முன்னால் போகிறவன் இடது விளக்கைச் சிமிட்டுகிறான்.
எந்த வாசலுக்கு?
வீட்டுக்கா, டயருக்கா, நுரைக்கா?
பின்னால் வருகிறவன் ஊகிக்க வேண்டும்.
போன டிசம்பரில் ஒருவன் தப்பாக ஊகித்தான்.
அவனுடைய ஹெல்மெட்
கால்வாயில் இரண்டு நாள்
மழைநீர் பிடித்துக்கொண்டு கிடந்தது.

ஐந்தாம் படிவத்தில் எனக்கு மதிப்பெண் போனதெல்லாம்
சந்தியில்தான்.
இரண்டு சொல் கூடுமிடத்தில்
ஒன்று தோன்றும், ஒன்று திரியும், ஒன்று கெடும்.
எங்கே வலி மிகும், எங்கே மிகாது
என்று மனப்பாடம் செய்து
தேர்வில் எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன்.
இப்போது அதே வேலைக்குச் சம்பளம்.

கூட்டத்தில் படத்தை விரித்தேன்.
பத்தொன்பதை ஏழாக்க வேண்டும்.
தியோ தலையாட்டினார், காடி கழுவுகிறவர்
பின்பக்கம் வழி கேட்டார், கிடைத்தது.
சிக்கல் பதினொன்றும் பதினேழும்.
இரண்டையும் மூடி
இரண்டு மனைக்கும் நடுவில், சிம்பாங்கை விட்டு எட்டி,
ஒரே வாசல்.
பேச்சு நின்று ஏழு வருடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஒரு நாயால் வந்ததாம்.
நாய் செத்தும் தீரவில்லை.

"அவ வாசல்ல நான் ஏறணுமா?
செத்தாலும் மாட்டேன்லா" என்றார் அமலோற்பவம்.
செங்கமலம் என்னிடம் சொன்னார்,
சுவரிடம் சொல்வதைப்போல,
"யாரோட வாசல்னு முதல்ல அவங்கள எழுதச் சொல்லுங்க மிஸ்."
அரசாங்க வாசல் என்று எழுதினேன்.
ஒருவர் செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டார்.
மற்றவர் வெள்ளிக்கிழமை,
வேறு பேனாவில்.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன்.
பழைய சிலாப்புகள் உடைந்து போயிருந்தன,
கால்வாய் வெளிச்சத்தைப் பார்த்தது.
புது வாசலில் எதிரெதிரே இரண்டு காடி.
உள்ளே வந்தது கொஞ்சம் பின்வாங்கி
வெளியே போவதற்கு இடம் விட்டது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஆளுக்குப் பாதியாக வாசலைக் கூட்டுகிறார்கள்.
நடுவில் மட்டும் கூட்டாத இலைகள்
நீளமாக ஒரு வரி.
அளந்தேன். நாற்பது சென்டிமீட்டர்.
படத்தில் குறிக்கவில்லை.

காக் ரோஹானியை
எந்த எண்ணில் அடக்குவதென்று இன்னும் தெரியவில்லை.
பசித்தது.
சாலையோரம் வண்டியை நிறுத்தி
சம்பால் அதிகமாக இரண்டு பொட்டலம் கேட்டேன்.
பின்னால் ஒரு லோரி
என்னைப் பார்த்துத்தான் ஹாரன் அடித்தது.